கையும் திரையும்: கார்ட் பயிற்சியின் முன்கதை

உலாவியில் ஒரு பக்கத்தைத் திறக்கிறோம். திரையின் கீழே பியானோக் கட்டைகள் வரையப்பட்டிருக்கின்றன. மேலே ஒரு பெயர் தோன்றுகிறது: ‘ஏ மைனர்’. உரிய மூன்று கட்டைகளை அழுத்தினால் பச்சை, தவறினால் சிவப்பு. உடனே அடுத்த பெயர். இன்னொரு பகுதியில் பெயர் இல்லை, ஒலி மட்டும். கேட்டது மேஜரா, மைனரா, டிமினிஷ்டா என்று நாம் சொல்ல வேண்டும். கட்டணம் கிடையாது, ஆசிரியர் கிடையாது, நேரக்கட்டுப்பாடும் கிடையாது. மேற்கத்திய இசையின் கார்ட்களையும் இசைக்கோட்பாட்டையும் பழக உதவும் இத்தகைய இணையச் செயலிகள் இன்று பல கிடைக்கின்றன.

கார்ட் என்பதற்குத் தமிழில் நிலைத்த சொல் இன்னும் அமையவில்லை. ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் கூட்டு என்று விளக்கலாம். சுரங்களுக்கிடையிலான உறவு நமக்குப் புதிதல்ல. இணை, கிளை, நட்பு, பகை என்று நரம்புகளின் உறவைப் பெயரிட்ட மரபு சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த உறவை ஒரே கணத்தில் அடுக்கி ஒலிக்கச் செய்து, அவ்வடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்றாக நகர்வதையே இசையின் கட்டுமானமாக ஆக்கியது ஐரோப்பா.

அந்தச் சிறிய செயலியைப் பார்க்கும்போது நமக்கு எழும் கேள்வி, இது யாருடைய வாரிசு என்பதுதான். சரி என்றும் தவறு என்றும் சொல்வது யாருடைய குரல்? வரலாற்றைத் துருவினால் ஒரு துறவியும், சில அநாதைச் சிறுவர்களும், ஒரு வழக்கறிஞரும், நாரிச் நகரத்து ஆசிரியை ஒருவரும் வரிசையாக வந்து நிற்கிறார்கள்.

*

முதலில் துறவி. அரெட்ஸோவின் குவீதோ பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் வாழ்ந்தவர். தேவாலயப் பாடல்களை அன்று செவிவழியாகவே கற்க வேண்டியிருந்தது. ஆசிரியர் பாட, மாணவன் திரும்பப் பாட, பத்தாண்டுகள் கழிந்தும் தானாக ஒரு புதிய பாடலை எடுத்துப் பாட முடியாத நிலை. குவீதோ இரண்டு காரியங்கள் செய்தார். சுரங்களைக் கோடுகளின் மேலும் இடைவெளிகளிலும் எழுதும் முறையை ஒழுங்குபடுத்தினார். புனித யோவானைப் பற்றிய ஒரு துதிப்பாடலின் அடிகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு சுரம் மேலே தொடங்குவதைப் பயன்படுத்தி, அவ்வடிகளின் முதல் அசைகளையே சுரப்பெயர்களாக ஆக்கினார். உத், ரே, மி, ஃபா, சோல், லா என்பன அப்படிப் பிறந்தவை. பத்தாண்டுப் பயிற்சியை ஓரிரு ஆண்டுகளாகக் குறைக்க முடியும் என்று அவர் தம் கடிதமொன்றில் எழுதினார். கற்றலின் காலத்தைச் சுருக்கித் தருவதாகச் சொல்லும் எல்லா விளம்பரங்களுக்கும் இதுவே மூலம் என்று தோன்றுகிறது. ஒரே வேறுபாடு, குவீதோவின் வாக்கு பலித்தது.

பிற்காலத்தார் அவர் பெயரோடு சேர்த்து வழங்கிய கருவி ஒன்று உண்டு: குவீதோவின் கை. இடக்கையின் விரல்நுனிகளுக்கும் கணுக்களுக்கும் ஒவ்வொரு சுரத்தை உரிமையாக்கிய வரைபடம் அது. அவர் எழுதியவையாக நமக்குக் கிடைத்தவற்றில் அந்தக் கை இல்லை. ஆனால் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பாடசாலைகள் அதைக்கொண்டே கற்பித்தன. ஆசிரியர் தம் கணுவைத் தொட்டுக் காட்டுவார், மாணவர்கள் அந்தச் சுரத்தைப் பாடுவார்கள். விரல்விட்டுத் தாளம் எண்ணும் நமக்கு இந்த எண்ணம் அந்நியமாகப் படாது. உடம்பே ஏடு. தொலைக்க முடியாத, விலை கொடுக்க வேண்டாத கருவி.

*

அடுத்த காட்சி நேப்பிள்ஸ். இசைக்கல்லூரியைக் குறிக்கும் ‘கன்சர்வேட்டரி’ என்ற சொல் இன்று பளிங்குப் படிக்கட்டுகளை நினைவூட்டுகிறது. அதன் மூலப்பொருள் வேறு. பெற்றோரற்ற, வறிய குழந்தைகளைக் காத்து வைக்கும் இடமே இத்தாலிய மொழியில் ‘கன்சர்வதோரியோ’. பதினாறாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸில் அத்தகைய நான்கு இல்லங்கள் தோன்றின. பிழைப்புக்கு ஒரு தொழிலாக அங்கே சிறுவர்களுக்கு இசை கற்பிக்கப்பட்டது. தேவாலயங்களிலும் ஊர்வலங்களிலும் அவர்கள் பாடி ஈட்டியது இல்லத்தின் வருமானமாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற பெர்கொலேஸி, பைசியெல்லோ, சிமரோசா மூவரும் இந்த இல்லங்களில் பயின்றவர்களே.

அவர்கள் கார்ட் பழகிய முறைக்குப் பார்த்திமெந்தோ என்று பெயர். ஆசிரியர் கொடுப்பது கீழ்ச்சுர வரி ஒன்று மட்டும். அதன்மேல் சில இடங்களில் எண்கள் இருக்கும். ஆறு என்ற எண் இருந்தால் கீழ்ச்சுரத்திலிருந்து எண்ணி ஆறாவது சுரமும் மூன்றாவது சுரமும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். பல இடங்களில் எண்ணே இருக்காது. மாணவன் ஹார்ப்சிகார்டின் முன் அமர்ந்து அந்த ஒற்றை வரிக்கு மேலே முழு இசையையும் அங்கேயே கட்டியெழுப்ப வேண்டும். ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் எந்தக் கீழ்ச்சுரத்துக்கு எந்தக் கூட்டு இயல்பாக அமையும் என்பதை ‘எட்டுச் சுர விதி’ என்றொரு பாடமாக மனனம் செய்தார்கள். துராந்தே, ஃபெனரோலி முதலிய ஆசிரியர்களின் பார்த்திமெந்தோக்கள் கைப்பிரதிகளாகப் பரவின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெர்டிக்குக் கற்பித்த லவீஞ்ஞா, நேப்பிள்ஸில் ஃபெனரோலியிடம் பயின்றவர்.

இந்த முறையில் ஒரு கேள்விக்கு ஒரு விடை என்பது இல்லை. ஒரே கீழ்ச்சுர வரியைப் பத்து மாணவர்கள் பத்து விதமாக நிரப்பலாம், பத்தும் சரியாக இருக்கலாம். எது சரி, எது சரியானாலும் சுவையற்றது, எது தவறானாலும் எதையோ தேடுகிறது என்று சொல்ல ஓர் ஆசிரியரின் செவி அருகில் இருந்தது.

இதைப் பொற்காலமாக்கிப் பார்க்க நமக்கு ஆசை வரும். அந்த ஆசையைக் கலைப்பவர் சார்லஸ் பர்னி. இசை வரலாறு எழுதுவதற்காக இத்தாலி சென்ற இந்த ஆங்கிலேயர் 1770இல் நேப்பிள்ஸின் சாந்த் ஒனோஃப்ரியோ இல்லத்தைப் பார்வையிட்டார். பொதுப் பயிற்சி அறையில் ஏழெட்டு ஹார்ப்சிகார்டுகளும், அவற்றைவிட அதிகமான வயலின்களும், பல குரல்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுருதிகளில் வெவ்வேறு பாடங்களை இசைத்துக்கொண்டிருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். படுக்கைகளே இருக்கைகள். குளிர்காலத்தில் விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னரே எழும் சிறுவர்கள், உணவுக்கான ஒன்றரை மணி நேரம் நீங்கலாக, இரவு எட்டு மணி வரை பயின்றார்கள். மாடியில், சற்றே கதகதப்பான அறைகளில், பதினாறு சிறுவர்கள் தனியாகத் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். குரல் உடையாதிருக்கும் பொருட்டு விதை நீக்கப்பட்டவர்கள் அவர்கள். சளி பிடித்தால் அந்தக் குரல் கெட்டுவிடும் என்பதற்காக அந்தக் கதகதப்பு.

நேப்பிள்ஸின் இசைஞானம் எந்த விலையில் வாங்கப்பட்டது என்பதை நாம் மறக்கக்கூடாது. இன்று ஒரு சிறுமி தன் வீட்டில், தனக்கு விருப்பமான நேரத்தில், ஒரு விசையைத் தட்டிக் கார்ட் பழகுவதை இயந்திரத்தனம் என்று இகழ்வோர், அந்த மாடியறைகளையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது.

*

மூன்றாவது திருப்பம் கோட்பாட்டினுடையது. 1722இல் ரமோ தம் ‘ஒத்திசைவு பற்றிய நூலை’ப் பாரிஸில் வெளியிட்டார். சி, ஈ, ஜி என்ற மூன்று சுரங்களை எடுத்துக்கொள்வோம். கீழே சி இருந்தாலும் ஈ இருந்தாலும் ஜி இருந்தாலும் அது ஒரே கார்ட்தான், அதன் வேர் சி என்று அவர் வாதிட்டார். கீழ்ச்சுரத்திலிருந்து எண்ணுகிறவனுக்கு இவை மூன்றும் மூன்று வெவ்வேறு எண்களைப் பெறும் மூன்று தனித்தனிக் கூட்டுகள். ரமோவுக்கு அவை ஒரே சொல்லின் மூன்று வடிவங்கள். இதன் விதைகள் முன்னரே ஜெர்மானிய எழுத்தாளர்களிடம் இருந்தன என்றாலும், முழுக் கோட்பாடாக வளர்த்தெடுத்தவர் ரமோ. பகுதியும் விகுதியும் பிரித்துப் பழகிய நம் இலக்கண மனத்துக்கு இதன் கவர்ச்சி உடனே புரியும். நூற்றுக்கணக்கான கூட்டுகள் சில வேர்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

வேர்களுக்குப் பெயர் வேண்டுமல்லவா? அந்தப் பணியை முறைப்படுத்தியவர் கோட்ஃப்ரீட் வேபர். தொழிலால் வழக்கறிஞர், ஆர்வத்தால் இசைக்கோட்பாட்டாளர். அவருடைய நூல் 1817 முதல் 1821 வரை வெளிவந்தது. சுரவரிசையின் ஒவ்வொரு படியிலும் பிறக்கும் கார்டை ஒரு ரோமன் எண்ணால் குறித்தார். மேஜருக்குப் பெரிய எழுத்து, மைனருக்குச் சிறிய எழுத்து. எந்தச் சுருதியில் பாடினாலும் ‘ஐந்திலிருந்து ஒன்றுக்கு’ என்றால் ஒரே நகர்வுதான். ரோமன் எண்களைச் சிலர் முன்பே பயன்படுத்தியிருந்தார்கள். அவற்றைச் சட்டப்பிரிவு எண்களைப் போல ஒழுங்குபடுத்தியது வேபரின் கை.

இங்கே ஓர் அமைதியான மாற்றம் நிகழ்ந்தது. நேப்பிள்ஸ் சிறுவன் கார்டுக்குப் பெயர் சொல்லவில்லை, அதைச் செய்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாணவனோ கரும்பலகையில் இருக்கும் கார்டைப் பார்த்து அதன் பெயரை எழுதினான். பெயர் சொல்வதில் மதிப்பெண் போடுவது எளிது. நூறு பேர் கொண்ட வகுப்பில் நூறு பேரும் வாசிப்பதைக் கேட்க முடியாது, நூறு விடைத்தாள்களைத் திருத்த முடியும். பார்த்திமெந்தோ மரபு மெல்லப் பின்னுக்குப் போனது. ராபர்ட் கியர்டிங்கனின் 2007ஆம் ஆண்டு நூலும், ஜார்ஜியோ சங்குவினெட்டியின் 2012ஆம் ஆண்டு நூலும் வந்த பிறகே அது மீண்டும் பரவலாகப் பேசப்படலாயிற்று.

*

கல்லூரிச் சுவர்களுக்கு வெளியே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் நாரிச் நகரில் சாரா க்ளோவர் என்ற ஆசிரியை, ஏழைக் குழந்தைகளுக்கும் சபையோருக்கும் பாடக் கற்பிப்பதற்காக, கோடுகளே இல்லாத ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். சுரப்பெயர்களின் முதலெழுத்துகள் மட்டும் போதும், அச்சடிக்கும் செலவும் குறைவு. 1835இல் அதை நூலாக வெளியிட்டார். பாதிரியாரான ஜான் கர்வென் அந்த முறையை எடுத்து, முதலில் அவருடைய அனுமதியைப் பெறாமலேயே, தமக்கேற்ப மாற்றினார். மூலம் க்ளோவருடையது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் ‘டானிக் சோல்ஃபா’ என்று உலகம் சுற்றிய அந்த முறையோடு ஒட்டி நின்ற பெயர் கர்வெனுடையதே. ஒரு பெண் ஏழைப் பிள்ளைகளுக்காகச் செய்த ஏணியில் ஓர் இயக்கமே ஏறிச் சென்றது.

அந்த இயக்கத்தின் பயனை மறுக்க முடியாது. ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் நான்கு குரல்களில் பிரிந்து பாடக் கற்றார்கள். ஒவ்வொருவரும் ஒரு சுரத்தைத் தாங்க, கார்ட் என்பது பல உடல்களுக்கிடையே உருவாயிற்று. மிஷனரிகள் வழியே அது ஆப்பிரிக்காவுக்கும் சென்றது. தென்னாப்பிரிக்காவில் ஏனோக் சொன்டோங்கா 1897இல் இயற்றிய ‘நிகோசி சிக்கெலெல் ஐஆஃப்ரிக்கா’ என்ற பாடல் சோல்ஃபா எழுத்திலேயே எழுதப்பட்டது. பின்னாளில் விடுதலைப் போராட்டத்தின் குரலாகி, இன்று அந்நாட்டின் தேசிய கீதத்தில் ஒரு பகுதியாக நிற்பது அதுவே. மலிவான ஒரு பயிற்சிக் கருவி எங்கே போய்ச் சேரும் என்பதை அதைச் செய்தவர் முன்கூட்டி அறிவதில்லை.

*

இயந்திரம் ஆசிரியரின் இடத்துக்கு வந்தது 1970களில். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிக் கற்பித்தல் அமைப்பு அப்போது பல வளாகங்களுக்குப் பரவியிருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரை, தொட்டால் அறியும் வசதி. டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் ஹாஃப்ஸ்டெட்டர் இதில் செவிப்பயிற்சிக்கான பாடத்திட்டம் ஒன்றை வடிவமைத்தார். சுர இடைவெளிகள், மெட்டுகள், கார்ட் வகைகள், கார்ட் தொடர்கள், தாளங்கள் என ஐந்து பிரிவுகள். கணினி ஒலிக்கும், மாணவர் திரையைத் தொட்டு விடை சொல்வார், கணினி கணக்கு வைத்துக்கொள்ளும். அந்தத் திட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் குவீதோ. கணு தொட்டுக் காட்டிய கை, ஒன்பதரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு தொடுதிரையாகத் திரும்பி வந்தது.

1983இல் மிடி என்ற பொது மொழி உருவானது. வெவ்வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு. பியானோவின் நடுவிலுள்ள சி 60, அடுத்த கறுப்புக் கட்டை 61. இணையப் பக்கங்கள் நெடுங்காலம் ஃப்ளாஷ் என்ற மென்பொருளை நம்பியே ஒலித்தன. 2020இன் இறுதியில் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டபோது, மாற்றி எழுதப்படாத பயிற்சிப் பக்கங்கள் ஊமையாயின. அதற்குள் உலாவியே ஒலியை உண்டாக்கும் வெப் ஆடியோ வந்துவிட்டது. 2021இல் அது முழுமையான இணையத் தரமாக அறிவிக்கப்பட்டது. இன்று ஒரு தனிமனிதர் சில மாலைப்பொழுதுகளில் ஒரு கார்ட் பயிற்சிச் செயலியை எழுதிவிட முடியும்.

அந்தச் செயலிக்குள் நடப்பது எளிய கணக்கு. சி மேஜர் என்றால் 60, 64, 67. நடுச்சுரத்தை ஒன்று குறைத்து 63 ஆக்கினால் சி மைனர். நாம் 64, 67, 72 என்று அழுத்தினால்? ஒவ்வொன்றையும் பன்னிரண்டால் வகுத்து மீதியை மட்டும் பார்க்கிறது செயலி. நான்கு, ஏழு, சுழியம். முந்தைய கூட்டிலும் மீதிகள் இவையே. ஆகவே இதுவும் சி மேஜர் என்று பச்சை விளக்கு எரிகிறது. 1722இல் ரமோ பெருநூல் எழுதி வாதிட்ட கோட்பாடு இங்கே ஒரே ஒரு வகுத்தல் கணக்கு.

ஆனால் எண்ணில் அடங்காதது ஒன்று உண்டு. ஜி, பி, டி, எஃப் என்ற நான்கு சுரங்களை ஒன்றாக ஒலிக்கச் செய்தால் காது சி கார்டை எதிர்பார்க்கும். எஃப் ஒரு படி இறங்கி ஈயில் அமரத் தவிக்கும். அதே நான்கு கட்டைகளில் கடைசியை எஃப் என்று எழுதாமல் ஈ ஷார்ப் என்று எழுதினால், அது மேலே ஏறி எஃப் ஷார்ப்பில் அமர வேண்டிய சுரம். கீழே இருக்கும் ஜியும் அரைச்சுரம் இறங்கி எஃப் ஷார்ப்புக்கே வரும். மொத்தக் கூட்டும் வேறொரு சுருதிக்குக் கதவைத் திறந்துவிடும். கட்டைகள் ஒன்றே, ஒலி ஒன்றே, போகும் திசை வேறு. இது சிலேடை. சொல் ஒன்றாக இருந்து பொருள் இரண்டாகப் பிரிவதை அதன் சூழலே காட்டுகிறது. மிடிக்கு இரண்டும் ஒரே எண்தான். தனித்தனிக் கார்டாக எடுத்து விடை கேட்கும் எந்தச் செயலியும் இந்தச் சிலேடையின் முன் செவிடாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நன்கு சுருதி சேர்ந்த தம்பூராவின் சட்ஜத்துக்குள்ளிருந்து அந்தர காந்தாரம் தானே எழுவதைக் கேட்டிருப்போம். ஐந்துக்கு நான்கு என்ற இயற்கை விகிதத்தில் அமைந்த காந்தாரம் அது. செயலியின் காந்தாரம் எட்டுச் சுரத்தைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டியதால் கிடைப்பது. அரைச்சுரத்தை நூறு கூறாக்கினால் அவற்றில் ஏறத்தாழ பதினான்கு கூறு அது உயர்ந்திருக்கிறது. பியானோவிலும் அப்படித்தான். எல்லாச் சுருதிகளிலும் வாசிக்கும் வசதிக்காகச் செய்துகொண்ட சமரசம் இது. இந்தச் சமரசத்தை மட்டுமே கேட்டு வளரும் காது, சமரசம் நடந்திருப்பதையே அறியாமற்போகலாம்.

*

ஆகவே நாம் சொல்ல வருவது என்ன? செயலி வேண்டாம் என்பதல்ல. அது வேபரின் வாரிசு, பெயர் சொல்லக் கற்பிக்கிறது. பெயர் தெரிவது சிறிய விஷயமல்ல. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரைப் போன்ற ஒருவரைத் தேடிச் சென்று இளையராஜா மேற்கத்திய இசையைக் கற்ற காலத்தில், அத்தகைய ஆசிரியர் இருக்கும் நகரத்தில் இருப்பதே ஒரு பேறு. அந்தப் பேறு வாய்க்காதவர்களுக்கு இன்று முதல் படியாவது திறந்திருக்கிறது. க்ளோவர் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே எண்ணுகிறோம்.

ஆனால் அது நேப்பிள்ஸின் வாரிசு அல்ல. கீழ்ச்சுர வரி ஒன்றைத் தந்து, இதன்மேல் நீ என்ன கட்டுவாய் என்று அது கேட்பதில்லை. கேட்டாலும், பத்து சரியான விடைகளில் எது உயிருள்ளது என்று சொல்ல அதற்கு ஒரு செவி வேண்டும். பச்சை விளக்கு எரிந்தபின் திரையை மூடிவிட்டு, அந்தக் கார்டின் கீழ்ச்சுரத்தை நாமே பாடிப் பார்த்து, அங்கிருந்து எங்கெல்லாம் போகலாம் என்று விரல்களால் தேடும் வேலை நம்மிடமே விடப்பட்டிருக்கிறது.

குவீதோவின் கடிதத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. போப்பாண்டவர் பத்தொன்பதாம் யோவான் அவரை ரோமுக்கு அழைத்து, அவர் எழுதிய ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். தாம் அதுவரை கேட்டேயிராத ஒரு வரியை அந்த ஏட்டைப் பார்த்துத் தாமே பாடும் வரை அவர் இருக்கையைவிட்டு எழவில்லையாம். அருகில் நின்ற யாரும் அவருக்குச் சரி என்று சொல்லியிருக்கத் தேவையில்லை. அறியாத ஒரு மெட்டு தம் குரலிலேயே பிறப்பதை அவர் கேட்டுவிட்டார்.